பெண்கள் எழுதிய அறிவியல் புனைகதைகளுக்கு ஒரு புத்தகப் பரிமாற்றம்: அலமாரி காலியாகாமல் நடத்துவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு குடியிருப்பைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள், பெண்கள் எழுதிய அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் (ஃபேண்டஸி) என்று ஒரு பரிமாற்ற அலமாரி வைத்தார்கள். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஐந்தே மாதத்தில் நல்ல புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. யாரும் தொடாத சமையல் குறிப்புகளும் போட்டித்தேர்வு கைடுகளும்தான் மிச்சம். எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று கேட்கிறார்கள்.

தவறு உறுப்பினர்களிடம் இல்லை, விதியில் இருக்கிறது. வைத்தால் எடுக்கலாம் என்ற முறை 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஹட்சன் ஊரில் டாட் போல் என்பவர் வீட்டு வாசலில் வைத்த சின்னப் பெட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. எந்தப் புத்தகம் வந்தாலும் சரி என்ற இடத்தில் அது அருமையாக ஓடும். உங்கள் அலமாரியோ குறுகிய வகைக்கானது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் நாவலை ஒருவர் எடுத்துப் போய்ப் படிக்கிறார், பிடித்துவிடுகிறது, வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். விதிப்படி அது அவருடையதுதான். பதிலுக்கு அவர் கொண்டுவந்து வைப்பது அவருக்கு வேண்டாத புத்தகம். எல்லோரும் இதையே நேர்மையாகச் செய்தால் போதும், அலமாரியில் வேண்டாதவை மட்டுமே தேங்கும். திருச்சியில் ஒரு பட்லர் நாவல் போனால் இன்னொன்று தானாக வந்து சேராது.

ஆகவே அலமாரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று இரவல் அடுக்கு. அதிலிருந்து எடுப்பது திரும்பி வந்தே ஆக வேண்டும். மற்றது கைமாறும் அடுக்கு. அதில் பழைய விதியே இருக்கட்டும். பன்னிரண்டு பேருக்கு மொத்தம் அறுபது புத்தகம் என்றால் இருபத்தைந்து முப்பதை இரவலில் வையுங்கள். எது இரவலுக்குப் போகும் என்பதற்கு ஒரே அளவுகோல்: தொலைந்தால் ஒரு மாதத்துக்குள், அட்டை விலைக்கு மேல் போகாமல், இன்னொரு பிரதி வாங்க முடியுமா? முடியாது என்றால் இரவல். முடியும் என்றால் கைமாறட்டும்.

இரவல் அடுக்கின் புத்தகங்கள் குழுவுக்குச் சொந்தமாக வேண்டும் என்பதில்லை. கொடுத்தவர் பெயரிலேயே இருக்கட்டும். ஊர் மாறிப் போகும்போதோ, மனம் மாறினாலோ, அவர் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம். இந்த ஒரு உறுதி கொடுத்தால்தான் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் நல்ல பிரதிகள் வெளியே வரும். தானமாகக் கேட்டால் இரண்டாம் தரம்தான் கிடைக்கும்.

அடுத்து, எதைச் சேர்ப்பது. பெண் எழுதியது என்ற வரையறை எளிதாகத் தோன்றும், ஆனால் புத்தகத்தை வாங்கிக்கொள்ளும் மேசையில் தகராறு வருவதே இங்கேதான். தமிழ்நாட்டில் முதல் மாதமே யாராவது சுஜாதாவின் நாவல் ஒன்றை ஆசையோடு கொண்டுவருவார். பெயர் மனைவியுடையது, எழுதியவர் எஸ். ரங்கராஜன். அறிவியல் புனைகதையைத் தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர், ஆனாலும் இந்த அடுக்குக்கு உரியவர் அல்லர். மறுபக்கம் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர். அந்தப் பெயரில் எழுதியவர் ஆலிஸ் ஷெல்டன். இது ஆணின் எழுத்துதான் என்று சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் வந்த ஒரு தொகுப்பின் முன்னுரையிலேயே வாதிட்டார். 1977 வாக்கில் உண்மை வெளியே வந்தது. ஆண்ட்ரே நார்ட்டன் பெண். ராபின் ஹாப் பெண். சி. எல். மூர், சி. ஜே. செர்ரி, என். கே. ஜெமிசின், எஸ். பி. திவ்யா ஆகிய முதலெழுத்துக்காரர்கள் எல்லோரும் பெண்கள். பெண்ணாக இருக்கலாம் என்று பல காலம் பலர் நினைத்த கே. ஜே. பார்க்கரோ டாம் ஹோல்ட் என்ற ஆண். அதனால் அட்டையைப் பார்த்து ஏற்கவும் வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். சந்தேகமான புத்தகத்தைத் தனிப் பெட்டியில் போட்டு, அடுத்த கூட்டத்துக்குள் ஒருவர் விசாரித்துச் சொல்லட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுதியது, பெண் தொகுத்தது ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒரு முடிவு எழுதி வைத்துவிடுங்கள். தொகுப்பில் பாதிக்கு மேல் கதைகள் பெண்களுடையவை என்றால் ஏற்கலாம் என்பது என் பரிந்துரை.

விருதுப் பட்டியலைப் பார்த்து வாங்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம், அப்படியே பிரதியெடுக்கக் கூடாது. பெண்ணிய அறிவியல் புனைகதைக்கென்று 1977 முதல் மேடிசன் நகரில் கூடிவந்த விஸ்கான் மாநாட்டில், பாட் மர்ஃபியும் கேரன் ஜாய் ஃபௌலரும் 1991இல் தொடங்கிய டிப்ட்ரீ விருது, 2019இல் அதர்வைஸ் விருது என்று பெயர் மாறியது. பாலினத்தைப் புதிதாக யோசிக்கும் படைப்புக்கு அது தரப்படுகிறது, எழுதியவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல புத்தகங்களைக் கண்டுபிடிக்க உதவும், வடிகட்டுவது உங்கள் வேலை.

புராண மறுகூறல்களுக்கும் ஒரு கோடு போட வேண்டியிருக்கும். நம் புத்தகக் கடைகளில் ஃபேண்டஸி என்று தாராளமாகக் கிடைப்பது அதுதான். கதவைத் திறந்துவிட்டால் மூன்று மாதத்தில் அலமாரி முழுக்கத் திரௌபதியும் சீதையும் ஆகிவிடும். மறுகூறல் கூடாது என்று நான் சொல்லவில்லை. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஒரு தட்டோடு நிறுத்துங்கள். அந்தத் தட்டு நிரம்பினால் ஒன்று வெளியேறிய பிறகே இன்னொன்று.

தமிழ்நாட்டில் இந்த அலமாரியைத் தொடங்க ஒரு புத்தகம்தான் சொல்லலாம் என்றால் ரொக்கையா சகாவத் ஹுசைனின் சுல்தானாவின் கனவைச் சொல்வேன். வங்காளத்துக்காரர், ஆங்கிலத்தில் எழுதினார், கதை 1905இல் வெளிவந்ததோ சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகசின் அதை அச்சிட்டது. ஆண்கள் உள்ளறையில் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு நாட்டை நடத்தும் கதை. ஒரே அமர்வில் படித்துவிடலாம். ரொக்கையா 1932இல் மறைந்தார். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரைதான், எனவே ஆங்கில மூலத்தை நீங்களே அச்செடுத்துச் சிறு புத்தகமாகத் தைத்துப் பத்துப் பிரதி வைக்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் பிறர் செய்த மொழிபெயர்ப்பை அப்படி எடுக்கக் கூடாது, அதற்குத் தனி உரிமை உண்டு. இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களின் பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதும் அப்படியே. அது சட்டப்படி தவறு என்பதோடு, பரிமாற்றத்தையும் கொன்றுவிடும். கோப்பு கைக்கு வந்த பிறகு அலமாரிப் பக்கம் யார் வருவார்? காசு கொடுத்து வாங்கிய அச்சுப் பிரதியைக் கைமாற்றுவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

இந்தியப் பெண்கள் எழுதியவற்றுக்கு மஞ்சுளா பத்மநாபன், வந்தனா சிங், பிரியா சாருக்கை சாப்ரியா, லாவண்யா லட்சுமிநாராயண் என்று தொடங்கலாம். பெண்ணிய நூல்களை வெளியிடும் ஜுபான் பதிப்பகத்தின் பழைய பட்டியலைத் துருவுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே புத்தகம் நாட்டுக்கு நாடு வேறு தலைப்பில் வரும். லாவண்யாவின் அனலாக் வெர்ச்சுவல் 2020இல் இங்கே வந்தது. 2023இல் வெளிநாட்டில் வந்தபோது அதன் பெயர் தி டென் பர்சென்ட் தீஃப். இரண்டையும் வாங்கினால் இரட்டைச் செலவு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுதும் பதிவட்டையில் (அதைப் பின்னால் சொல்கிறேன்) மறுதலைப்பு, அதாவது வேறு தலைப்பு, என்று ஒரு வரி விடுவது இதற்காகத்தான்.

பழைய பிரதிகளுக்குச் சென்னை போகிறவர்களிடம் சொல்லி வைக்கலாம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே பாடப் புத்தகக் குவியலுக்கு நடுவே அறுபது எழுபதுகளின் அறிவியல் புனைகதை பேப்பர்பேக்குகள் அகப்படும். போகிறவர் கையில் தலைப்புப் பட்டியலைக் கொடுக்காதீர்கள், ஆசிரியர் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். குறிப்பிட்ட தலைப்பு கிடைப்பது அபூர்வம், அதே ஆசிரியரின் வேறொன்று கிடைக்கும்.

புத்தகம் உள்ளே வரும்போது செய்யும் சோதனைதான் மொத்த வேலையில் முக்கியமானது. மூன்று நிமிடம் போதும். முதலில் பைண்டிங். புத்தகத்தை நடுவில் திறந்து மேசையில் வைத்துக் கையை எடுங்கள். முதுகில் பசை பிளந்து தாள் கொத்தாகத் தூக்கினால் அது இரண்டு வாசகரைக்கூடத் தாங்காது. அடுத்து பக்க எண். புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் அடித்து மடித்த கட்டுகளாக, அச்சாகிறது. கோர்க்கும்போது ஒரு பாரம் விட்டுப்போனால் 96க்குப் பிறகு 113 வரும், இரட்டிப்பாகச் சேர்ந்தால் 96க்குப் பிறகு மறுபடி 81 வரும். கட்டை விரலால் பக்க எண் மூலையை ஓட விட்டாலே தெரிந்துவிடும். பிறகு முகர்ந்து பாருங்கள். மஞ்சளித்த தாள் ஆபத்தில்லை. ஈர வாடையும், ஓரத்தில் சாம்பல் நிறப் பொடியும் பூசணம். அதை மறுயோசனை இல்லாமல் மறுத்துவிடுங்கள், பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். கடைசியாக அச்சு. பிரபலமான ஃபேண்டஸி நாவல்களுக்கு நடைபாதையில் போலிப் பதிப்புகள் ஏராளம். அட்டைப் படம் மங்கலாக இருக்கும், எழுத்து ஓரம் கசிந்திருக்கும், தாளின் மறுபக்கம் தெரியும். எழுதியவருக்கு ஒரு பைசா போகாத பிரதி, பக்கங்களும் விட்டுப்போயிருக்கும். பெண் எழுத்தாளர்களுக்காகவே வைத்த அலமாரியில் அதற்கு இடமில்லை என்று எழுதியே ஒட்டிவிடுங்கள். கொண்டுவருகிறவரிடம் ஒவ்வொரு முறையும் முகம் பார்த்துச் சொல்லும் சங்கடம் குறையும்.

பூச்சிக்கு: ராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் பழைய புத்தகத்தோடு வரும். கடையில் வாங்கிய ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் கவரைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும், பூச்சியை ஒழித்துவிட்டுப் பூசணத்தை அழைத்த கதையாகிவிடும். அந்துருண்டை வேண்டாம், நெடி தாளில் ஏறும், குழந்தைகள் வரும் இடத்தில் நஞ்சு. வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்த சருகாக இருக்கட்டும், பச்சை இலையின் ஈரம் கெடுதல். அதை மட்டும் நம்பவும் வேண்டாம். ஸ்டீல் ரேக் நல்லது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடிக்கு மேலே. கரையானும் மழைக்கால ஈரமும் ஏறுவது சுவர் வழியாக.

பதிவுக்கு செயலி தேடி அலைய வேண்டாம். இருநூறு புத்தகம் வரை ஒரு நோட்டும் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகளும் போதும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண், பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு காகித உறை, அதில் அட்டை. உறையை மைதாப் பசையால் ஒட்டாதீர்கள், கரப்பானுக்கும் ராமபாணத்துக்கும் அது விருந்து. ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிசாகத் தடவி, மேலே கனமாக எதையாவது இரவு முழுக்க ஏற்றி வையுங்கள். கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் போட்டால் இரண்டு கோடையில் மஞ்சளாகி, பசை வழிந்து, எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். டிஷ்யூ போன்ற மெல்லிய தாளும் அதே நீர்த்த பசையும் போதும்.

அட்டையில் வழக்கமான தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆண்டு, கொடுத்தவரின் உறுப்பினர் எண் ஆகியவற்றோடு இன்னும் மூன்று வரி சேருங்கள். ஒன்று மேலே சொன்ன மறுதலைப்பு. இரண்டாவது தொடர் என்றால் எத்தனையாவது பாகம், தனியாகப் படிக்கலாமா என்பது. மூன்றாவது உள்ளடக்கக் குறிப்பு. இந்த வகையின் முக்கியமான நாவல்களில் பலவற்றில் பாலியல் வன்முறை, அடிமை முறை, கட்டாயக் கர்ப்பம் வருகிறது. பட்லரைப் படிக்கிற யாருக்கும் தெரியும். படிக்க வேண்டாம் என்று தடுப்பதற்காக இல்லை. தெரிந்து எடுக்கட்டும் என்பதற்காகவும், பதின்மூன்று வயது மகளுக்கு அம்மா எடுத்துக்கொண்டு போகும்போது தடுமாறாமல் இருப்பதற்காகவும்தான். ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள், கதையை உடைத்துவிடும்.

தொடர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மிகுபுனைவுப் பரிமாற்றங்கள் முடங்குவது இதில்தான். முதல் பாகத்தை எல்லோரும் எடுப்பார்கள். இரண்டாம் பாகம் தேடும்போது இருக்காது. மூன்றாவது தனியே அனாதையாய் நிற்கும். இரண்டு வகைத் தொடர்களை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உர்சுலா லெ குவினின் ஹைனிஷ் நாவல்கள் ஒரே உலகத்தைப் பகிர்ந்தாலும் எந்த வரிசையிலும் படிக்கலாம். அவற்றைத் தனிப் புத்தகங்களாகவே நடத்துங்கள். ஜெமிசினின் உடைந்த பூமி முத்தொகுதி அப்படியில்லை. 2016, 2017, 2018 என்று மூன்று பாகமும் அடுத்தடுத்து ஹியூகோ விருது வாங்கியவை, வரிசை தப்பினால் தலையும் புரியாது வாலும் புரியாது. இப்படிப்பட்டவற்றை மொத்தமாகத்தான் ஏற்க வேண்டும், இரவல் அடுக்கில்தான் வைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் கொடுக்க வேண்டும். முதல் பாகத்துக்கு மட்டும் இரண்டு பிரதி வாங்குங்கள். முதல் பாகத்தை எடுத்தவர்களில் கணிசமானவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் பிந்தைய பாகங்களுக்கு ஒரு பிரதி தாங்கும். முதல் பாகத்தைத் திருப்பிய நாளிலிருந்து இரண்டாவதற்கு அவருக்கு ஒரு மாதம் முன்னுரிமை. அதற்குள் எடுக்கவில்லை என்றால் அடுத்தவருக்கு. மூன்றையும் ஒரே கட்டாகப் போட்ட பெரும்பதிப்புகளைத் தவிர்ப்பேன். கனத்தில் முதுகு உடையும், ஒருவர் கையில் மூன்று மாதம் தங்கும், தபாலில் அனுப்பினால் செலவு. பட்லரின் 1987 முதல் 1989 வரை வந்த ஜீனோஜெனிசிஸ் முத்தொகுதி அப்படி ஒரே கட்டாகவும் கிடைக்கிறது. தனித்தனிப் பாகம் பழைய கடையில் அகப்பட்டால் விடாதீர்கள்.

இரவல் காலம் நான்கு வாரம், ஐந்நூறு பக்கத்துக்கு மேல் என்றால் எட்டு. அபராதம் வைக்காதீர்கள். இருபது ரூபாய் அபராதத்துக்கு வெட்கப்பட்டு, புத்தகத்தோடு ஆளும் வராமல் நின்றுபோவார். திருப்பித் தரும் வரை அடுத்தது இல்லை என்பதே போதுமான அழுத்தம். கெடுவுக்கு மூன்று நாள் முன்னே ஒரு செய்தி, தாண்டி ஒரு வாரத்தில் ஒரு போன். இரண்டையும் ஒரே ஆள் செய்யட்டும். ஆளாளுக்குக் கேட்டால் கடன் வசூல் மாதிரி ஆகிவிடும். சேரும்போது இருநூறு ரூபாய் டெபாசிட் வாங்கி, விலகும்போது அப்படியே திருப்பிக் கொடுங்கள். தொலைந்தால் அதே தலைப்பில் வேறு பிரதி அல்லது இன்றைய விலை.

கைமாறும் அடுக்குக்கு ஒரு விதி மட்டும் கூடுதலாக வேண்டும். நான்கு கூட்டத்தில் யாரும் எடுக்காத புத்தகம் வெளியேற வேண்டும். அட்டையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பென்சிலால் ஒரு கோடு. நான்காவது கோட்டில் கொடுத்தவரிடம் திருப்புங்கள், அவருக்கும் வேண்டாம் என்றால் பழைய புத்தகக் கடைக்கு. இரக்கப்பட்டு வைத்திருந்தால் அலமாரி நிறைந்து காணப்படும், எடுக்க ஒன்றும் இருக்காது. உங்களுக்கு நடந்தது இதுதான்.

மாதக் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் அரை மணியில் திரும்புதலும் சோதனையும். இந்த நேரத்தில் யாரும் எதையும் எடுத்து ஒதுக்கி வைக்கக் கூடாது, பார்க்கலாம், புரட்டலாம். பிறகு சீட்டுக் குலுக்கி அந்த வரிசையில் எடுக்கட்டும். இப்படிச் செய்யாவிட்டால் பக்கத்து பிளாக்கில் இருப்பவரும் சமையலை முடித்துவிட்டு முதலில் வர முடிந்தவரும் எப்போதும் நல்லதை அள்ளிக்கொண்டு போவார்கள், கைக்குழந்தையோடு தாமதமாக வருபவர் மூன்று முறை ஏமாந்து நான்காவது முறை வர மாட்டார். எடுத்து முடிந்ததும் இருபது நிமிடம் பேச்சு. படித்தவர் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லட்டும். அடுத்த மாதம் அந்தப் புத்தகத்துக்கு வரிசை நிற்கும். மூன்று பேருக்கு மேல் வரிசையில் எழுதாதீர்கள், நான்காவது ஆள் காத்திருக்கும் நேரத்தில் ஆர்வமே போய்விடும்.

நேரம் ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு. காலையில் வைத்தால் வீட்டு வேலை விடாது, ஆறுக்கு மேல் போனால் பலருக்கு வீட்டில் கேள்வி வரும். இதைப் பற்றி வருத்தப்படலாம், ஆனால் நேரத்தை அதற்கேற்பத்தான் வைக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தனியாக ஒரு படப் புத்தகப் பெட்டியும் பாயும். புத்தகம் வாங்கவோ கொடுக்கவோ ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகும் வழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். எல்லாம் பொது இடத்தில். வாட்ஸ்அப் சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அது பல பெண்களைச் சேரவிடாமல் தடுக்கிறது. கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாக வைத்தால் அட்மின் தவிர மற்றவர்களுக்கு எண் தெரியாது. அட்டையில் முழுப் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம், உறுப்பினர் எண் போதும். பெயரும் போன் நம்பரும் பூட்டிய நோட்டில் இருக்கட்டும்.

குடியிருப்பு அறை போதாமல் போனால் பக்கத்துக் கிளை நூலகத்தைக் கேளுங்கள். 1948இன் பொது நூலகச் சட்டம் முதல் நமக்கு அந்த வசதி இருக்கிறது, பல நூலகங்களில் வாசகர் வட்டமும் இயங்குகிறது. மாதம் ஒரு மாலை அறை கேட்பது பெரிய காரியமில்லை. புத்தகங்களை மட்டும் அவர்கள் இருப்பில் சேர்த்துவிடாதீர்கள். அரசுப் பதிவேட்டில் ஏறிய புத்தகத்தைக் கைமாற்ற முடியாது, கழிப்பதற்கும் நடைமுறை உண்டு.

ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வகையில் பெண்கள் எழுதி எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். கவனிக்காவிட்டால் ஆறு மாதத்தில் இது ஆங்கிலம் படித்தவர்களின் வட்டமாகச் சுருங்கிவிடும். மேலே சொன்ன இருபது நிமிடப் பேச்சைத் தமிழிலேயே நடத்துங்கள், சில மாதங்களில் முழுக்கதையையும் சொல்லிவிடும் கதைசொல்லலாகவே வையுங்கள். ஆங்கிலத்தில் நுழையத் தயங்குபவருக்கு ஐந்நூறு பக்க நாவலைக் கொடுக்காதீர்கள், குறுநாவலைக் கொடுங்கள். நெடி ஒகோராஃபோர் எழுதிய ‘பிந்தி’ (Binti) என்ற குறுநாவல் நூறு பக்கத்துக்குள் முடிகிறது, மார்த்தா வெல்ஸின் ஆல் சிஸ்டம்ஸ் ரெட் அதைவிடக் கொஞ்சம் பெரியது, வாக்கியங்கள் சின்னவை. இப்படிப்பட்டவற்றின் முதுகில் ஒரு பச்சைப் பட்டை ஒட்டி வையுங்கள், கேட்காமலே தெரியும். தமிழில் பெண்கள் எழுதிய கதைகள் இதழ்களிலும் தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தொகுப்பில் இரண்டு கதை மட்டும் நம் வகை என்றாலும் சேருங்கள், எந்தக் கதை என்பதை அட்டையில் எழுதுங்கள்.

பன்னிரண்டு பேருக்குள்ளேயே சுற்றினால் ஒரு வருடத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள். அதற்கு வழி இன்னொரு ஊரின் வட்டத்தோடு பெட்டி மாற்றிக்கொள்வது. மூன்று மாதத்துக்கு இருபது புத்தகம் இங்கிருந்து மதுரைக்கோ கோவைக்கோ, அங்கிருந்து இருபது இங்கே. சராசரி பேப்பர்பேக் முந்நூறு கிராம் என்று வைத்தால் ஆறு கிலோ, கட்டும் அட்டையும் சேர்த்து ஏழு. பஸ் பார்சலில் ஒரே நாளில் போய்விடும். தபாலில் என்றால் 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் இருக்கிறது: முந்நூறு கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. ஐந்து கிலோதான் உச்சம், எனவே இரண்டு கட்டு. கல்வி, சமூக, பண்பாட்டு நூல்களுக்கான சேவை என்பதால் நாவலை ஏற்பார்களா என்று கவுன்டரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தரைவழி என்பதால் சில நாள் பிடிக்கும், எங்கே இருக்கிறது என்று பின்தொடர முடியும்.

கட்டும்போது கெடுவது மூலைதான். புத்தகத்தை விட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே நான்கைந்து புத்தகங்களை முதுகு மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரே பக்கம் அடுக்கினால் சாய்ந்து முதுகு முறுக்கிக்கொள்ளும். முதலில் பிளாஸ்டிக் கவர், மேலே அட்டை, பிறகு பிரவுன் தாள். சணலைப் புத்தகத்தின் மேல் நேராகப் போட்டு இறுக்கினால் அட்டை ஓரத்தில் தழும்பு விழும். பெட்டிக்குள் ஒரு பட்டியல், அனுப்புமுன் எடுத்த ஒரு போட்டோ. திரும்பி வரும்போது அதே பட்டியலை இருவர் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள், புத்தகங்கள் மறுபடியும் அடுக்குக்குப் போவது அதன் பிறகுதான்.